வெறும் வயிறு

"சாப்பிட்டீங்களா, அண்ணே?"

"இல்ல."

ஹுலான் கைப்பேசியில் எதையோ தட்டினாள். கையிலிருந்த கிண்ணத்தின் கடைசி வாய்த் தேநீரைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். துவ்ஷினும் தன் கிண்ணத்தை வைத்தான். சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினான்.

அவள் மருத்துவம் மேற்படிப்பு படிக்கிற பெண். உலான்பாத்தரின் வடக்கு மலைச்சரிவில் கெர் என்கிற வட்டக் கம்பளிக் கூடாரங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் கரிப்புகையிலும் குளிரிலும் கிடக்கிறவர்களின் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் என்ன ஆகின்றன என்று பார்க்கிற ஆய்வு அது. அன்று காலை புகை அவ்வளவு அடர்த்தி. நாய் குரைத்த திசையை வைத்துத்தான் வேலியின் கதவைக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள்.

உள்ளே வந்தவளுக்கு அவன் தேநீர் ஊற்றினான். வேண்டுமா என்று கேட்கவில்லை, அதை யாரும் கேட்பதில்லை. பாலும் உப்பும் போட்டு, வறுத்த மாவும் ஒரு துண்டு வெண்ணெயும் சேர்த்துக் கொதித்த தேநீர். முதல் கரண்டியை அவன் மகள் மரால் வெளியே எடுத்துப்போய் வானத்துக்குக் காணிக்கையாக வீசிவிட்டு வந்தாள். மராலுக்கு ஆறு வயது. போன குளிர்காலம் வரை அதை வீசியவள் அவளுடைய அம்மா.

ரத்தம் எடுத்து முடித்ததும் ஹுலான் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்தாள். புகையையும் சூட்டையும் அது அளக்கும்.

"மூக்கு உயரத்துல மாட்டணும்ண்ணே."

"யாரோட மூக்கு?"

அவள் மராலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் சுவரின் மரப்பின்னலில் கட்டினாள்.

"நான் பகல் பூரா கீழ அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் ரிப்பேர் பாக்கறேன்" என்றான் துவ்ஷின். "அங்க வேர்த்து ஊத்தும். இங்க விடிகாலையில வாளித் தண்ணி உறைஞ்சு கிடக்கும். அடுப்பை மூட்டினா அரை மணியில சட்டையைக் கழட்டணும். இதெல்லாம் அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்புறம்?"

"சராசரி எடுப்பாங்கண்ணே."

அவன் தலையாட்டினான். புரிந்து ஆட்டவில்லை.

இந்த ஆய்வுக்கு அவன் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுதான். போன குளிர்காலத்தில் மனைவி இறந்தாள். ஏழாவது மாதம். வயிற்றிலிருந்த குழந்தையும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். அவள் ஒல்லி. இனிப்பைத் தொடமாட்டாள். வீட்டில் யாருக்கும் அந்த நோய் கிடையாது. ஏன் வந்தது என்று கேட்டான். சிலருக்கு வரும் என்றார்கள். அவளுடைய அக்கா டுல்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்றே அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். உன் அடுப்புப் புகைதான் என்றாள்.

டுல்மா கீழே நகரத்தில் அடுக்குமாடியில் இருக்கிறாள். ரஷ்யர்கள் காலத்துக் கட்டடம், குழாய் வழியாகச் சூடு வரும். தனி ஆள். மராலைத் தன்னோடு அழைத்துப்போக வேண்டும் என்று வசந்தத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் இழுத்தடித்தான். கடைசியில் டுல்மா ஒரு கணக்குக்கு வந்தாள். "உன் ரத்தத்தைப் பாக்கறாங்கல்ல? நல்லா இருந்தா புள்ள உங்கிட்ட இருக்கட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். கெட்டிருந்தா எங்கூட வந்துடணும். சரியா தம்பி?"

சரி என்றிருந்தான்.

முடிவு வந்தபோது அவன் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டிருந்தான். கைப்பேசி அதிர்ந்தது. ஏழு புள்ளி நாலு. வெறும் வயிற்றில் ஏழைத் தொட்டால் நோய் என்று ஹுலான் முன்பே சொல்லியிருந்தாள். ஆறுக்குக் கீழே இருந்தால் நலம். மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், பயப்படாதீர்கள் அண்ணே என்று கீழே எழுதியிருந்தாள்.

அவன் பயப்படவில்லை. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கையிலிருந்த திருகாணியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பிறகு அதையே வெகுநேரம் தேடினான்.

மலையேறப் பூரேவின் பழைய ப்ரியஸ் கார் கிடைத்தது. பூரேவ் அடுத்த வேலிக்காரர். டாக்சி ஓட்டுகிறார். தொப்பை ஸ்டியரிங்கில் முட்டும்.

"உனக்கு ஏழா?" என்றார் பூரேவ். "டேய், எனக்கு அஞ்சுடா! கோலா குடிச்சுக் கேக் தின்னு வளத்த உடம்பு இது. நீ குச்சி. மிஷின் ஆளை மாத்திச் சொல்லுது."

"பேரு போட்டுத்தான் எடுத்தாங்க."

"அப்ப உன் ரத்தம் என் ரத்தத்தைப் பாத்துக் கத்துக்கட்டும். அன்னிக்கு முந்தின ராத்திரி மச்சான் வீட்ல விருந்து. வோட்கா. காலையில டீ கூட உள்ள இறங்கல. அப்படியே கையை நீட்டினேன். பாவம், அந்தப் பொண்ணு என் மூச்சுலயே மயங்கி விழுந்திருக்கணும்."

"நீங்களும் இதே புகையிலதானே இருக்கீங்கண்ணே?"

"அதே புகைதான். மேல சிகரெட் வேற. எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு எங்கிட்ட கேக்காத. வைத்தியரு கேக்கட்டும்."

வண்டி ஒரு பனிமேட்டில் வழுக்கி நின்றது. இருவரும் இறங்கித் தள்ளினார்கள்.

டுல்மா வெறும் பையோடு வந்தாள். குழந்தையின் துணிகளை எடுத்துப் போக. வந்தவளுக்கு அவன் தேநீர் ஊற்றினான். அவள் குடித்துக்கொண்டே அடுப்பையே பார்த்தாள்.

"சொன்னேன்ல."

"இன்னொரு தடவை பாக்கணுமாம்."

"அவளுக்கும் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னுதான் பாத்தாங்க."

அவளுடைய பெயரை இருவரும் சொல்வதில்லை. போனவர்களின் பெயரைச் சொன்னால் அவர்கள் வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மரால் தன் பூட்ஸைத் தானே எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றை வெளியே எடுத்தாள்.

"ஒண்ணு இங்க இருக்கட்டும்பா."

"ஒரு பூட்ஸ வச்சு என்ன பண்ணுவே?" என்றாள் டுல்மா.

"திரும்பி வரும்போது போட்டுக்குவேன்."

டுல்மா அதை வாங்கிப் பையில் போட்டாள். போகும்போது வாசலில் திரும்பினாள். "அந்த ஆய்வுக்காரப் பொண்ணு அபார்ட்மெண்ட்காரங்களையும் பாக்குதாமே. ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொல்லு. என் ரத்தத்தையும் எடுக்கட்டும். வித்தியாசம் என்னன்னு நீயே கண்ணால பாரு."

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். டுல்மா கதவைத் திறந்தபோது கையில்லாத பனியன் போட்டிருந்தாள். வெளியே மூக்கு முடி உறைகிற குளிர். உள்ளே சூட்டுக்குழாய் கொதித்தது. அதைக் குறைக்கத் திருகு கிடையாது. எல்லா வீட்டையும் போல இங்கேயும் ஜன்னல் திறந்துதான் கிடந்தது. மரால் கட்டிலில் கிடந்தாள். கால்கள் வெறுமையாக இருந்தன. குளிர்காலத்தில் மகளின் கால்விரல்களை அவன் பார்த்தது அப்போதுதான். அழகாக இருந்தன. ஆனால் தலைமுடி வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே கரிப்புகை நிதானமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நகரம் பள்ளத்தில் இருக்கிறது. மலையின் புகை எல்லாம் இறங்கி வருவது இங்கேதான்.

அவன் ஜன்னலைச் சாத்தப் போனான்.

"சாத்தாத, வெந்து போவோம்" என்றாள் டுல்மா.

ஹுலான் வந்தாள். கோட்டைக் கழற்றினாள், அதற்குள் ஸ்வெட்டர், அதையும் கழற்றினாள். டுல்மா தேநீர் ஊற்றினாள். மூன்று கிண்ணம். தன் கிண்ணத்தைத் துவ்ஷின் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் இருவரும் குடித்தார்கள். ஹுலானின் ஊரைக் கேட்டாள் டுல்மா. ஹுலானின் அத்தையை டுல்மாவுக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு கிண்ணம் ஊற்றினாள்.

"சாப்பிட்டீங்களா, அக்கா?"

"ஒரு பருக்கை இல்ல. இவன் முன்னாடி சுத்தமா இருக்கணும்னு நேத்து ராத்திரியே நிறுத்திட்டேன்."

ஹுலான் விரலில் குத்திச் சிறிய கருவியில் ஒரு துளி வைத்தாள். கருவி கூவியது. அவள் அதையே பார்த்தாள்.

"எவ்வளவு?"

"ஏழு... ஏழு புள்ளி ஒன்பது அக்கா."

"திரும்பக் குத்து."

திரும்பக் குத்தினாள். எட்டு.

டுல்மா பனியனின் கழுத்தை இழுத்து விசிறிக்கொண்டாள். அவளைப் பார்க்கக்கூடாது என்று துவ்ஷின் ஜன்னல் கட்டையைப் பார்த்தான். அவன் தேநீர் அங்கே ஆறிக்கிடந்தது. மேலே வெண்ணெய் மஞ்சளாக உறைந்திருந்தது. கிண்ணத்தைச் சாய்த்தான். அடியில் மாவு கூழாக நகர்ந்தது. டீ கூட உள்ளே இறங்கவில்லை என்று பூரேவ் காரில் சொன்னது அவன் காதில் கேட்டது.

"ஹுலான், அன்னிக்கு எங்க வீட்ல நீ டீ குடிச்சே இல்ல?"

"குடிச்சேனே. நல்லா இருந்துச்சுண்ணே."

"நானும் குடிச்சேன்."

"ஆமா, சேந்துதானே குடிச்சோம்."

"அதுக்கப்புறம்தான் சாப்பிட்டீங்களான்னு கேட்டே. நான் இல்லன்னேன்."

"ஆமா."

"இது சாப்பாடா?"

ஹுலான் சிரித்தாள். "என்னண்ணே, இது டீ."

பிறகு அவள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். பாலையும் மாவையும் வெண்ணெயையும் அவள் கண்ணால் எண்ணுவது தெரிந்தது. சிரிப்பு முகத்திலேயே நின்றது, எடுக்க மறந்துபோனது போல.

"எத்தனை வீட்ல?" என்று கேட்டான்.

"எல்லா வீட்லயும்." மெதுவாகச் சொன்னாள். "எல்லா வீட்லயும் குடுத்தாங்க. நானும் குடிச்சேன். குடிக்காம எப்படிண்ணே உக்கார்றது? ஐயோ. பேராசிரியர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? வெறும் வயித்துல எடுத்ததுன்னு எல்லாத்தையும் அனுப்பிட்டேனே."

"டீ குடிக்காத வயிறு எங்கடி இருக்கு?" என்றாள் டுல்மா. "செத்த வயிறுதான்..." சொல்லிவிட்டு நிறுத்தினாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

அந்த மலையில் ஒரே வெறும் வயிறு பூரேவுடையது.

மறுபரிசோதனைக்குத் துவ்ஷினின் கெர்ருக்கே எல்லோரும் வந்தார்கள். டுல்மா மராலையும் கூட்டிக்கொண்டு விடிந்ததும் வந்துவிட்டாள். அடுப்பு எரிந்தது. அவன் தேநீர் வைத்தான். வைக்காமல் இருக்கத் தெரியவில்லை. மரால் முதல் கரண்டியோடு வெளியே போனாள், வெறும் கரண்டியோடு திரும்பி வந்தாள்.

"வானம் தெரியலப்பா. மேல பாத்து வீசிட்டேன்."

ஹுலான் குனிந்து உள்ளே வந்தாள். ஊற்றிய கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி உதட்டில் தொட்டுக்கொண்டு கீழே வைத்தாள். துவ்ஷினும் தொட்டு வைத்தான். டுல்மாவும். மூன்று கிண்ணத்திலும் ஆவி எழுந்தது. பசி எடுத்தது. தேநீர் இல்லாத காலை யாரோ செத்த வீட்டுக் காலை போல இருந்தது.

கருவி இரண்டு முறை கூவியது. அவனுக்கு ஆறு புள்ளி நாலு. டுல்மாவுக்கு ஆறு புள்ளி ஐந்து.

"அப்படின்னா?" என்றாள் டுல்மா.

"நோய் இல்லக்கா."

"அப்ப நல்லா இருக்கோம்."

"நல்லாவும் இல்ல. நடுவுல."

"நடுவுலன்னா எந்தப் பக்கம் பாத்து?"

"அது இன்னும் தெரியாது. மூணு மாசச் சர்க்கரைன்னு ஒரு சோதனை இருக்கு, டீ குடிச்சாலும் அது மாறாது. அந்தச் சோதனைக்கான ரசாயனம் வசந்தத்துலதான் வரும்."

துவ்ஷின் சுவரில் கட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினான். "இது என்ன சொல்லுது?"

"புகை ரொம்ப அதிகம்ண்ணே. விடிகாலைக் குளிரும் அதிகம், அடுப்பு சூடும் அதிகம். ஒரே நாள்ல ரெண்டுக்கும் நடுவுல உடம்பு ஏறி இறங்குது."

"அதனாலதான் எனக்கு ஆறரையா?"

"இருக்கலாம்."

"அக்கா வீட்ல வேற மாதிரி இருக்கே. அவங்களுக்கும் ஆறரை."

"அங்கயும் புகை இருக்குண்ணே. ராத்திரி பூரா அவ்வளவு சூட்டுல தூங்கறாங்க. அதுவும் இருக்கலாம்."

"பூரேவ்?"

ஹுலான் நெற்றியைத் தேய்த்தாள். "அவரு எதுலயும் சேரமாட்டாரு."

அவன் கேட்க நினைத்ததைக் கேட்டான். தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "மரால் அம்மாவுக்கு. அதுவும் இதனாலயா?"

ஹுலான் கருவியை மூடி வைத்தாள். அவளுடைய மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது. "ஆயிரம் பேரைப் பத்திக் கேளுங்க, சொல்லுவேன். புகை அதிகம் இருக்கிற இடத்துல இத்தனை பேருக்குக் கூடுதலா சர்க்கரை வருதுன்னு சொல்ல முடியும். அந்த ஆயிரத்துல ஒருத்தங்களைக் காட்டி, இவங்களுக்கு இதனாலதான்னு சொல்ல முடியாது. யாராலயும் முடியாதுண்ணே."

"இதனால இல்லன்னாவது?"

"அதுவும் முடியாது."

ஒரு வருடமாக அவன் அந்தக் கேள்வியை வைத்திருந்தான். பதில் ஆமாம் என்றால் என்ன செய்வது, இல்லை என்றால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் தயாராக இருந்தான். இதற்குத் தயாராக இல்லை. எழுந்துபோய் அடுப்பில் கரிக்கட்டி ஒன்று போட்டான். போட்ட பிறகு ஏன் போட்டோம் என்று நின்றான்.

ஹுலான் போன பிறகு, ஆறிய தேநீரை மறுபடி சூடாக்கி இருவரும் குடித்தார்கள். வெளியே மரால் நாயோடு பேசுகிற சத்தம் கேட்டது. நடுவில் நடுவில் இருமினாள்.

"அக்கா, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றான் துவ்ஷின்.

டுல்மா நிமிர்ந்தாள். "என்னடா?"

"விடிகாலையில இங்க தண்ணி உறையுது. அங்க அவ வெறுங்காலோட தூங்கறா."

"நான் புள்ளய உங்கிட்ட விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்டா. என் ரத்தமும் அப்படித்தானே இருக்கு? இத்தனை வருஷம் சுத்தமான இடத்துல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உன்னை என்னென்னமோ பேசினேன். உன் அடுப்பு, உன் அடுப்புன்னு. இப்ப எங்க கூட்டிட்டுப் போறது?"

அவளை ஆறுதலாகத் தொட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கிண்ணத்தை வாங்கி மறுபடி நிரப்பினான்.

"உன் எண்ணு கெட்டா எனக்கு, நல்லா இருந்தா உனக்குன்னு பேசினோம்" என்றாள் டுல்மா. "நடுவுல வந்தா யாருக்குன்னு பேசலையே."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"ஜன்னலைச் சாத்த முடிஞ்சா?" என்றான்.

"சாத்தினா வேகும்னு சொல்றேன்ல."

"வேகாம சாத்த முடிஞ்சா?"

அவன் வெளியே போய் கெர்ரின் பின்பக்கத்தில் கிடந்த பழைய சுவர்க் கம்பளியை இழுத்தான். வசந்தத்தில் புதியது மாற்றியபோது கழற்றிப் போட்டது. தடித்தது, ஆட்டுமயிரை அழுத்திச் செய்தது. உறைந்து பலகை போல இருந்தது. தட்டினால் பனி உதிர்ந்தது. அதை அறுத்து இரண்டு துண்டாக்கிப் பூரேவின் காரில் ஏற்றினான். மராலையும் பூட்ஸோடு ஏற்றினான்.

"இங்க குளிருக்குச் சுத்தறது. அங்க சூட்டுக்குச் சுத்தப்போறியா?" என்றார் பூரேவ். "உங்க குடும்பத்துல எல்லாம் தலைகீழ்டா."

டுல்மாவின் வீட்டில் அவன் சூட்டுக்குழாயைக் கம்பளியால் சுற்றினான். கெர் கட்டுகிற முடிச்சையே போட்டான். ஒரு மணி நேரத்தில் அறை தணிந்தது. டுல்மா சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் ஜன்னலைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

அப்போதுதான் வாடை வந்தது. இளகிய கம்பளியிலிருந்து கரிப்புகை வாடை. பத்துக் குளிர்காலத்தின் வாடை. அறை முழுக்கப் பரவியது.

டுல்மா மூக்கைச் சுளித்தாள். "புகை நாறுதே. இதுவும் உள்ள போகும்ல?"

"தெரியல."

"அந்தப் பொண்ணைக் கேளேன்."

அவன் கைப்பேசியை எடுத்தான். என்ன எழுதுவது என்று நினைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான். ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லுவாள்.

மரால் கட்டிலிலிருந்து இறங்கி வந்தாள். கம்பளியின் ஓரத்தில் முகத்தை வைத்து மூச்சை நன்றாக இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"அம்மா வாசனைப்பா."

துவ்ஷின் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்திருந்தான். அவிழ்த்து எடுத்துப் போவதா, இழுத்து இறுக்குவதா என்று டுல்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். மரால் அப்படியே சாய்ந்து, வெறுங்காலை மடித்துக்கொண்டு, கம்பளியில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். சற்றுப் பொறுத்து ஒருமுறை இருமினாள்.

அவன் கயிற்றை இறுக்கவுமில்லை, அவிழ்க்கவுமில்லை. பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.